கிரீன் வேகம் 12 ஆனதும் பட்டிங் கைவிட்டுப் போகிறது. சரிவை எப்படிப் படிக்கிறீர்கள்?

மூன்றுபட்:

வணக்கம். வாராவாரம் நடக்கும் இணையக் கோல்ஃப் வீடியோ விளையாட்டுப் போட்டிகளில் ஆடிக்கொண்டிருக்கிறேன். எந்த விளையாட்டு என்று வேண்டுமென்றே சொல்லவில்லை. சொன்னால் அது உசத்தியா இது உசத்தியா என்று இழை வேறு பக்கம் போய்விடும்.

கீழ்ப்பிரிவில் கிரீன் வேகம் (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையில் பந்து எவ்வளவு ஓடும் என்பதற்கான எண்) 10. இப்போது மேல்பிரிவுக்கு ஏற்றிவிட்டார்கள், இங்கே 12. டீ ஷாட், அயர்ன், சிப் என்று கிரீனுக்கு வரும் வரைக்கும் அடிப்பதெல்லாம் பழையபடிதான் வருகிறது. கிரீனில் ஏறிக் குழியை நோக்கிப் பந்தை உருட்டும் பட்டிங்கில்தான் கூத்து. "ஓர் அங்குலம் ஏற்றம் என்றால் அடிக்கும் தூரத்தில் ஓர் அடி கூட்டு, ஓர் அங்குலம் இறக்கம் என்றால் ஓர் அடி கழி" என்ற கணக்கு முன்பு கச்சிதமாக வேலை செய்தது. இப்போது ஏற்றத்தில் பந்து குழிக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. இறக்கத்தில் குழியைத் தாண்டி ஓடியே போய்விடுகிறது. பக்கவாட்டு வளைவும் நினைத்ததைவிட அதிகம். வேடிக்கை என்னவென்றால், சமதளத்தில் அடித்தால், திரையில் அடியின் பலத்தைக் காட்டும் மீட்டரில் வைத்த தூரத்துக்குச் சரியாகப் போகிறது. அதனால் பட்டரில் (பட் அடிக்கும் மட்டையில்) கோளாறு இல்லை என்று தெரிகிறது.

சரிவைக் காட்ட விளையாட்டு கிரீனின் மேல் போடும் கட்டத்தில் ஓடும் புள்ளிகளை எந்த வரிசையில் பார்க்கிறீர்கள்? வேகத்தை முதலில் முடிவு செய்வதா, திசையையா? மேல்பிரிவில் ஆடுபவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

கடைசிக்குழி:

மேல்பிரிவுக்கு நல்வரவு. இங்கே வந்ததும் எல்லாரும் செய்வது பட்டரைத் திட்டுவது. அடுத்ததாக விளையாட்டுக்குள் இருக்கும் கடையில் விலை கூடிய பட்டர் வாங்குவது. அதை மட்டும் செய்துவிடாதீர்கள். பட்டர் மாறும், சரிவு மாறாது.

சரிவுமானி:

உங்கள் பழைய கணக்கு தப்பில்லை. அது வேகம் 10-க்கு உரிய கணக்கு, அவ்வளவுதான். 12-க்கு அதையே வைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள்.

காரணம் எளிது. பந்து ஓர் அங்குலம் மேலே ஏற எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பது உயரத்தைப் பொறுத்தது மட்டுமே. புல் வேகமானதா மந்தமானதா என்பது அதில் வராது. ஆனால் சமதளத்தில் ஓர் அடி உருளப் பிடிக்கும் ஆற்றல் புல்லைப் பொறுத்தது. வேகமான கிரீனில் ஓர் அடிக்குக் குறைந்த ஆற்றலே செலவாகும். ஆகவே அதே ஓர் அங்குல ஏற்றம், வேகமான கிரீனில் அதிக அடிகளுக்குச் சமம் ஆகிவிடுகிறது.

எண்களில் சொல்கிறேன். கிரீன் வேகத்துக்குச் சொல்லும் எண் ஸ்டிம்ப்மீட்டரிலிருந்து வருவது. 1935-இல் அமெரிக்காவின் ஓக்மான்ட் மைதானத்தில் நடந்த யூ.எஸ். ஓபன் போட்டியைப் பார்த்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன், அங்கே கிரீன்கள் நியாயமில்லாத வேகத்தில் இருப்பதாக நினைத்து, அதை அளக்க ஒரு கருவி செய்தார். இன்றைக்கு இருப்பது ஒரு நீளமான அலுமினியப் பட்டை. பள்ளத்தில் பந்தை வைத்துப் பட்டையின் ஒரு முனையை மெல்லத் தூக்கினால், சுமார் 20 பாகையில் பந்து தானாக உருண்டு வினாடிக்கு சுமார் 1.83 மீட்டர் வேகத்தில் கிரீனில் இறங்கும். சமதளத்தில் அது எத்தனை அடி ஓடுகிறதோ அதுதான் கிரீன் வேகம். 12 என்றால் 12 அடி.

இதிலிருந்து புல் பந்தை எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது என்று கணக்கிடலாம். ஓர் அங்குல உயரத்துக்கு: வேகம் 8-இல் சுமார் 0.85 அடி, 10-இல் 1.06 அடி, 12-இல் 1.28 அடி, 13-இல் 1.38 அடி. சுருக்கமாகச் சொன்னால் ஸ்டிம்ப் எண்ணைப் பத்தால் வகுத்து ஒரு துளி கூட்டிக்கொள்ளுங்கள். 10-க்கு அது ஏறக்குறைய ஒன்று என்பதால்தான் "அங்குலத்துக்கு ஓர் அடி" என்ற வாய்பாடு கீழ்ப்பிரிவுகளில் பிழைத்துக் கிடக்கிறது.

12 அங்குல ஏற்றம் உள்ள பட்டில் நீங்கள் 12 அடி கூட்டியிருப்பீர்கள். கூட்ட வேண்டியது 15-க்கு மேல். குழிக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது என்று நீங்கள் புலம்பும் பட் இதுதான்.

ஒரே ஓர் எச்சரிக்கை. விளையாட்டை எழுதியவர்கள் இயற்பியலை அப்படியே பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. பயிற்சிக் கிரீனில் ஒரு நேரான ஏற்றத்தையும் ஒரு நேரான இறக்கத்தையும் தேடிப் பிடித்து அடித்துப் பாருங்கள். சில விளையாட்டுகள் எண்ணைக் காட்டாமல் "வேகம்", "மிக வேகம்" என்று மட்டும் சொல்லும். அங்கே இந்தச் சோதனை இல்லாமல் வழியே இல்லை.

கடைசிக்குழி:

அண்ணே, போட்டியில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது 1.28-ஆல் பெருக்கிக்கொண்டு உட்கார முடியுமா? நான் புள்ளி ஓடுவதைப் பார்ப்பேன், மனசுக்குப் பட்டதை அடிப்பேன்.

சரிவுமானி:

ஒன்றேகால் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 அங்குலம் என்றால் 10 அடி. இதற்குக் கடிகாரமா?

புல்நுனி:

வேகக் கணக்கை மேலே சொல்லிவிட்டார்கள். புள்ளிகளைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே பெரும்பாலோர் தவறான இடத்தைப் பார்க்கிறார்கள்.

பந்துக்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளிகள் பெரிதாகத் தெரியும், கேமராவும் அங்கேதான் நிற்கும். அதனால் கண் அங்கே ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அந்த இடத்தைப் பந்து முழு வேகத்தில் கடந்துவிடும். சீராக வேகம் குறையும் எதுவும் மொத்த நேரத்தில் முதல் பாதிக்குள் முக்கால் தூரத்தை முடித்துவிடும். மீதிப் பாதி நேரம் முழுவதும் கடைசிக் கால்வாசி தூரத்துக்கே போகிறது. சரிவு பந்தை இழுப்பது நேரத்தைப் பொறுத்தது. 20 அடி பட் என்றால் குழியைச் சுற்றியுள்ள கடைசி ஐந்து அடியில் சரிவுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறதோ, முதல் 15 அடிக்கும் அவ்வளவுதான் கிடைக்கிறது. போதாக்குறைக்கு அந்தக் கடைசி நேரத்தில் பந்து மெதுவாகப் போவதால், அதே இழுப்பு திசையை இன்னும் அதிகமாகத் திருப்பும்.

ஆகவே நான் குழியிலிருந்து பின்னோக்கிப் படிக்கிறேன். முதலில் குழியைச் சுற்றி ஐந்து அடி வட்டம். அங்கே புள்ளிகள் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக ஓடுகின்றன? பந்து குழிக்குள் எந்த வாசல் வழியாக நுழையப் போகிறது என்பது இதிலேயே பாதி முடிவாகிவிடும். அப்புறம் நடுப்பகுதி. பந்துக்குப் பக்கத்தில் இருப்பதைக் கடைசியாக ஒரு பார்வை, அங்கே சரிவு கன்னாபின்னாவென்று இருந்தால் மட்டும் கணக்கில் எடுப்பேன்.

இரட்டை வளைவில் இது இன்னும் முக்கியம். முதல் பாதி இடப்பக்கம் இழுக்கிறது, இரண்டாம் பாதி வலப்பக்கம், இரண்டும் ஒரே அளவு என்று புள்ளிகள் காட்டினால் "சரி, கழித்துவிட்டால் நேர்" என்று நினைக்கத் தோன்றும். நேர் கிடையாது. பந்து இடப்பக்கம் விலகிப் போய், கடைசியில் வலப்பக்கம் திரும்பியபடிதான் குழியை நெருங்கும். இரண்டாவது இழுப்புக்கு அதிக நேரம் கிடைக்கிறதே.

இன்னொன்று. சில விளையாட்டுகளில் கட்டம் நீங்கள் குறிவைக்கும் திசைக்கு ஏற்பத் திரும்பும். குறியை நகர்த்தினால் அதே நிலம் வேறு மாதிரி தெரியும். குழிக்கு நேராகக் குறிவைத்துப் படித்துவிட்டு, மூன்றடி இடப்பக்கம் நகர்த்தியதும் அடித்துவிடாதீர்கள். பந்து இப்போது போகப் போவது வேறு நிலத்தின் மேல். நகர்த்திய பிறகு இன்னொரு முறை பாருங்கள்.

திரையில் காட்டும் ஏற்ற இறக்க அளவையும் அப்படியே நம்பாதீர்கள். அது பந்துக்கும் குழிக்கும் உள்ள உயர வித்தியாசம் மட்டும். நடுவில் ஒரு மேடு இருந்தால் அது தெரியாது. பூஜ்யம் என்று காட்டும், நீங்களும் சமதளம் மாதிரி தட்டுவீர்கள், பந்து மேட்டின் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் நின்று திரும்பி உங்கள் காலடிக்கே வரும்.

மூன்றுபட்:

குழியிலிருந்து பின்னோக்கிப் பார்ப்பது எனக்குப் புதிது. நான் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். இரண்டு தட்டுக் கிரீன்களுக்கும் இதே வழியா? கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு அடிக்கும்போது படி எந்த இடத்தில் இருக்கிறது என்பது வேகத்தைப் பாதிக்குமா?

சரிவுமானி:

வேகத்துக்குப் பெரிதாகப் பாதிக்காது. மொத்தத் தூரம், மொத்த ஏற்றம், இரண்டும் போதும். படி பந்துக்குப் பக்கத்தில் இருந்தாலும் குழிக்குப் பக்கத்தில் இருந்தாலும் செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றுதான். வளைவுக்குத்தான் பெரிய வித்தியாசம். படி ஆரம்பத்திலேயே வந்தால், அதைத் தாண்டியதும் பந்தின் வேகம் சட்டென்று குறைந்துவிடும். மேல்தட்டின் முழு நீளத்தையும் மெதுவாகக் கடக்கும், அங்குள்ள சிறு சரிவுகூடப் பெரிதாகத் தெரியும்.

நிழற்பந்து:

நான் வேறு கட்சி. மன்னிக்கவும்.

போட்டியில் எல்லாருக்கும் ஒரே மைதானம், குழியைக் காட்டும் கொடிக்கும் ஒரே இடம். ஒருவர் காலையில் ஆடுவார், இன்னொருவர் இரவில் ஆடுவார், கடைசியில் ஒரே பட்டியல். அப்படியிருக்க முன்கூட்டியே பயிற்சிச் சுற்று ஆடி ஒவ்வொரு கிரீனும் எந்தப் பக்கம் விழுகிறது என்று குறித்துவைத்துக்கொள்பவனுக்கு "படிக்க" என்ன இருக்கிறது? நான் ஒரு நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன். கட்டத்தைப் பார்ப்பதே சந்தேகம் தீர்த்துக்கொள்ளத்தான்.

இரண்டாவது, எல்லாரும் பந்தின் வேகம் குழியில் வந்து சாகிற மாதிரி தட்டச் சொல்கிறீர்கள். பத்து அடிக்குள் இருந்தால் நான் கொஞ்சம் பலமாகவே அடிப்பேன். வளைவு பாதியாகிவிடும். குறியும் குழிக்குள்ளேயே இருக்கும். நிஜக் கோல்ஃபில் கை நடுங்கும், இங்கே மீட்டர்தானே.

புல்நுனி:

நோட்டு வைத்திருப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் நோட்டு சொல்வது கிரீன் எந்தப் பக்கம் விழுகிறது என்பதை. உங்கள் பந்து இன்றைக்கு எங்கே நிற்கிறது என்பதை அது சொல்லாது. நாலு சுற்றுப் போட்டியில் கொடி இடமும் சுற்றுக்குச் சுற்று மாறும். மனப்பாடம் முதல் பத்து நிமிடத்துக்கு உதவும்.

நோட்டுக்கு இன்னொரு நல்ல பயன் இருக்கிறது. அதை ஃபேர்வேயில், அதாவது கிரீனுக்கு முன்னால் உள்ள புல்வெளியில் திறக்க வேண்டும். எந்தப் பக்கம் விட்டால் ஏற்றத்தில் பட் கிடைக்கும் என்று பார்த்து, பந்தைக் கிரீனுக்குக் கொண்டுபோகும் அப்ரோச் ஷாட்டை அடிப்பதற்கு.

ஓக்மான்ட்டின் முதல் கிரீனை எடுத்துக்கொள்ளுங்கள். அது முன்னாலிருந்து பின்னாலே சரிகிறது, அதாவது அடிப்பவரை விட்டு விலகி ஓடுகிறது. கொடிக்கு நேராகப் பந்தை இறக்கினால் பின்பக்கம் போய்ச் சேரும். பைன்ஹர்ஸ்ட் நம்பர் 2 மைதானத்தில் அதன் வடிவமைப்பாளர் டொனால்ட் ராஸ் அமைத்த கிரீன்கள் ஆமை ஓடு மாதிரி, ஓரங்களில் எல்லாப் பக்கமும் வழியும். நடுவைத் தவிர எங்கே இறக்கினாலும் பந்து கிரீனை விட்டே இறங்கிப் போகலாம். அகஸ்டா நேஷனல் மைதானத்தின் 14-ஆம் குழியில் ஒரு பங்கர்கூட (மணற்பள்ளம்) கிடையாது. கிரீனே போதும் என்று விட்டுவிட்டார்கள். இப்படிப்பட்ட இடங்களில் பட்டிங் என்பது 150 கெஜத்துக்கு அப்பாலேயே தொடங்கிவிடுகிறது.

சரிவுமானி:

பலமாக அடிப்பது பற்றி. நிழற்பந்து சொல்வதில் பாதி சரி.

குழியின் விட்டம் 4.25 அங்குலம், பந்து 1.68 அங்குலம். நிஜத்தில் பந்து குழியின் நட்டநடுவில் வந்தால் வினாடிக்கு சுமார் 1.63 மீட்டர் வேகம் வரைக்கும் உள்ளே விழும் என்று இயற்பியல் ஆய்வுகளில் கணக்கிட்டிருக்கிறார்கள். வேகம் 12 கிரீனில் அந்தப் பந்தைக் குழி இல்லாமல் விட்டால் ஒன்பது அடிக்கு மேல் ஓடும். ஆக நடுவில் அடித்தால் பலம் தாங்கும். ஆனால் நடுவிலிருந்து விலக விலக அந்த வரம்பு வேகமாகச் சரியும். ஓரத்தில் வரும் பந்து கிட்டத்தட்ட நின்றுகொண்டே வந்தால்தான் விழும். அதாவது பலமாக அடிக்கும்போது உங்களுக்காகக் குழியே சுருங்கிவிடுகிறது. பட்டிங் பயிற்சியாளர் டேவ் பெல்ஸ் சொன்ன அளவு, விழாவிட்டால் குழியைத் தாண்டி 17 அங்குலம் போகும் வேகம். அது ஒரு நடுவழி.

ஐந்தாறு அடிக்குள், ஏற்றத்தில், பலமாக அடியுங்கள். நானும் அதையேதான் செய்கிறேன். இறக்கத்தில் மட்டும் வேண்டாம். ஏன் என்பதற்கு மூன்றுபட் ஓர் உதாரணம் கொடுத்தால் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

பழையமட்டை:

இடையில் ஒரு சின்ன விஷயம். எல்லாரும் கிரீனைப் பற்றியே பேசுகிறீர்கள், திரையை யாரும் பேசவில்லை. தொலைக்காட்சியில் இணைத்து ஆடுபவர்கள் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைப் போட்டிருக்கிறீர்களா? படத்தை மெருகேற்றும் வேலைகளைத் தொலைக்காட்சி செய்யும்போது, நீங்கள் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் தெரிவதற்கும் இடைவெளி விழும். நொடிக்கு 60 படம் ஓடும் விளையாட்டில் ஒரு படம் 16.7 மில்லிசெகண்ட். மூன்று படம் தாமதித்தாலே 50 மில்லிசெகண்ட். மூன்று முறை (தொடங்க, பலம் வைக்க, பந்தைத் தொட) அழுத்தும் மீட்டரில் அது போதும், ஒவ்வொரு பட்டும் ஒரே பக்கம் தள்ளிப் போக.

அந்த மூன்று அழுத்து முறைக்கு 40 வயது தாண்டிவிட்டது என்பதும் நினைவுக்கு வருகிறது. 1984-இல் நின்டெண்டோவின் கோல்ஃப். அதற்கு நிரல் எழுதியவர் சடோரு இவாடா, பின்னாளில் அந்த நிறுவனத்துக்கே தலைவரானவர். 1989-இல் கோல்டன் டீ என்ற ஆர்கேட் விளையாட்டு வந்து ஒரு உருட்டுப் பந்தைக் கையில் கொடுத்தது. இப்போது கன்ட்ரோலரின் குச்சியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளுகிறோம். மீட்டர் மாறிக்கொண்டே இருக்கிறது, இறக்கத்தில் பந்து ஓடிப்போவது மட்டும் அப்படியே.

கடைசிக்குழி:

தாத்தா கதை தொடங்கிவிட்டார். மூன்றுபட், சீக்கிரம் உதாரணத்தைப் போடுங்கள்.

மூன்றுபட்:

இதோ. நேற்றைய போட்டியில் 16-ஆவது கிரீன். 18 அடி, 9 அங்குலம் இறக்கம், வேகம் 12. இடமிருந்து வலமாகப் பக்கச் சரிவு, பார்த்தால் ஒன்றரை சதவீதம் இருக்கும் போலத் தோன்றியது. பாதை முழுவதும் சீரான சரிவு, மேடு பள்ளம் இல்லை. 9 அடிக்கு அடித்தேன், இரண்டு அடி இடப்பக்கம் குறி. பந்து குழியின் தாழ்ந்த பக்கமாகப் புகுந்து, தாண்டி, கிரீனின் ஓரம் வரைக்கும் போனது. திரும்பி வர இரண்டு பட்.

சரிவுமானி:

நல்ல உதாரணம், ஏனென்றால் இதில் எல்லாமே இருக்கிறது.

முதலில் வேகம். 9 அங்குலத்தை 1.28-ஆல் பெருக்கினால் 11.5 அடி. 18-இல் கழித்தால் ஆறரை அடி. நீங்கள் அடித்தது 9. இரண்டரை அடிதானே கூடுதல் என்று தோன்றும். ஆனால் இந்தச் சரிவு 4.2 சதவீதம். வேகம் 12 கிரீனில் சுமார் 6.5 சதவீதத்தில் பந்து நிற்கவே நிற்காது, புல்லின் பிடியும் சரிவின் இழுப்பும் சமமாகிவிடும். 4.2-இல் புல்லின் பிடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிச்சம். ஆகவே சமதளக் கணக்கில் நீங்கள் செய்யும் ஓர் அடிப் பிழை, இங்கே ஏறக்குறைய இரண்டே முக்கால் அடியாகும். இரண்டரை அடி கூடுதல் என்பது குழியைத் தாண்டி ஏழு அடி. கிரீன் ஓரத்துக்குப் போனதில் வியப்பில்லை.

இதே பட்டை எதிர்ப்பக்கத்திலிருந்து, ஏற்றத்தில் அடிக்கிறீர்கள் என்று வையுங்கள். அதே இரண்டரை அடிப் பிழை ஒன்றரை அடியாகச் சுருங்கும். பந்து குழிக்குப் பக்கத்திலேயே இருக்கும், தட்டிப் போட்டுவிட்டு நடையைக் கட்டலாம். உங்கள் கையில் நடந்த தவறு ஒன்றுதான், தண்டனை நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

அடுத்து வளைவு. பந்து குழியில் வந்து நிற்கும் வேகத்தில் அடித்தால், ஒன்றரை சதவீதப் பக்கச் சரிவுக்கு 18 அடியில் சமதளமாக இருந்தால் சுமார் இரண்டு அடி. அந்த இரண்டு அடியைத்தான் நீங்கள் பிடித்திருக்கிறீர்கள். இறக்கத்தில் அதுவே மூன்று அடி. ஏற்றத்தில் ஒன்றரை அடி. ஒரே பக்கச் சரிவு, மேலிருந்து அடித்தால் கீழிருந்து அடிப்பதைவிட இரண்டு மடங்கு வளைகிறது. மேலிருந்து வரும் பந்து மெதுவாகத் தொடங்கி நெடுநேரம் உருளுகிறது, சரிவுக்கு அவ்வளவு நேரம் கிடைக்கிறது.

உங்கள் முதல் கேள்விக்கும் இதுதான் பதில். வேகத்தைத் தீர்மானிக்காமல் திசையைத் தீர்மானிக்க முடியாது. ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு தனிப் பாதை உண்டு. வேகம் முதலில்.

நிழற்பந்து:

கணக்கு சரி. ஆனால் ஒன்றரை சதவீதம் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? "போலத் தோன்றியது" என்கிறார். அது ஒன்றாக இருந்தால் வளைவு இரண்டடி, இரண்டாக இருந்தால் நாலடி. மொத்தக் கணக்கும் ஒரு கண் மதிப்பீட்டின் மேல் நிற்கிறது. நான் அடித்துப் பார்த்து நோட்டில் எழுதியது இதைவிட உறுதி.

புல்நுனி:

நியாயமான கேள்வி. புள்ளியின் ஓட்டத்தைச் சதவீதமாக மாற்றக் கண்ணைப் பழக்க ஒரு வழி இருக்கிறது. பயிற்சிக் கிரீனில் குறியை நேராகச் சரிவின் கீழ்ப்பக்கம் 10 அடி தள்ளி வையுங்கள். திரை காட்டும் இறக்கம் 1.2 அங்குலம் என்றால் அது ஒரு சதவீதம், ஏனென்றால் பத்து அடி என்பது 120 அங்குலம். 2.4 என்றால் இரண்டு. புள்ளி அந்த இடத்தில் எவ்வளவு சுறுசுறுப்பாக ஓடுகிறது என்று பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று சதவீத ஓட்டங்கள் கண்ணில் பதிந்துவிட்டால் போதும். அதற்கு மேல் சரிவான இடத்தில் கொடி வைப்பது அரிது.

அப்புறம் ஒரு நினைவு எண்: வேகம் 12, பக்கச் சரிவு ஒரு சதவீதம், ஏற்ற இறக்கம் இல்லாத 10 அடி பட் என்றால் வளைவு 9 அங்குலம். வேகம் 10-இல் அது ஏழே முக்கால். மற்றதெல்லாம் இதிலிருந்து விகிதத்தில் வரும். சரிவு இரண்டு மடங்கானால் வளைவு இரண்டு மடங்கு, தூரம் இரண்டு மடங்கானாலும் அப்படியே.

நிழற்பந்து:

சரி, இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு விஷயம் கேட்கிறேன். போட்டிகளில் கட்டமே இருக்கக் கூடாது என்பது என் கருத்து. நிஜ வீரர்களுக்குப் புல்லின் மேல் புள்ளி ஓடுகிறதா?

புல்நுனி:

நிஜ வீரருக்குக் கால் இருக்கிறது. மார்க் ஸ்வீனியின் ஏம்பாயின்ட் முறையைப் பின்பற்றுபவர்கள் கிரீனில் கால்களை அகட்டி நின்று, எந்தக் காலில் பாரம் அதிகம் விழுகிறது என்பதை வைத்துச் சரிவுக்கு ஓர் எண் கொடுக்கிறார்கள். பிறகு அந்த எண்ணுக்கேற்ப விரல்களை உயர்த்திக் குறி பார்க்கிறார்கள். நடந்து போய்க் குழிக்குப் பின்னால் குனிந்து பார்க்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அந்தக் கால் இல்லை. தட்டையான திரையில் சரிவின் ஆழமும் சரியாகத் தெரிவதில்லை. கட்டம் அதற்கு ஈடு. அதையும் எடுத்துவிட்டால் பரீட்சை நடப்பது சரிவைப் படிப்பதிலா, நோட்டு வைத்திருப்பதிலா?

நிழற்பந்து:

நோட்டு வைத்திருப்பதும் திறமைதான் ஐயா.

கடைசிக்குழி:

கட்டம் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு தனிப்போட்டி வைக்கலாம். அடித்துப் பார்த்துவிட்டு யார் முதலில் கட்டத்தைத் தேடுகிறார்கள் என்று பார்ப்போம். முன்னோட்டக் கோடு மட்டும் எடுக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. பந்து எங்கே போகும் என்று விளையாட்டே கோடு போட்டுக் காட்டிவிட்டால் நான் எதற்கு?

மூன்றுபட்:

முன்னோட்டக் கோடு எங்கள் பிரிவில் இல்லை, நல்லவேளை.

இன்று மாலை பயிற்சிக் கிரீனில் சரிவுமானி சொன்னதைச் சோதித்தேன். என் விளையாட்டில் 12-க்கு அங்குலத்துக்கு ஒன்றேகால் அடி ஏற்றத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது. இறக்கத்தில் அதே எண் கொஞ்சம் அதிகமாகக் கழித்துவிடுகிறது போலிருக்கிறது, பந்து குழிக்கு அருகே தயங்கி நின்றுவிடுகிறது. இது என் கைப்பிழையா, விளையாட்டின் கணக்கா?

சரிவுமானி:

இரண்டுமாக இருக்கலாம். பல விளையாட்டுகளில் மீட்டரின் கீழ்முனையில், மூன்று நான்கு அடிக்குக் கீழே, அளவு துல்லியமாக இருப்பதில்லை. கழித்த பிறகு மிஞ்சும் தூரம் மிகச் சிறியது என்றால் அங்கே தவறு நடக்கும். நீளமான இறக்கத்தில், அதாவது கழித்த பின்னும் பத்து அடிக்கு மேல் மிஞ்சும் ஒரு பட்டில் சோதித்துப் பாருங்கள். அங்கே பொருந்தினால் கணக்கு சரி, மீட்டரின் கீழ்முனைதான் காரணம்.

உங்கள் விளையாட்டில் பட்டருக்கு 25 அடி, 50 அடி, 100 அடி என்று அளவு மாற்றும் வசதி இருந்தால், பட்டுக்குத் தேவையான மிகச் சிறிய அளவையே எடுங்கள். 100 அடி அளவில் ஆறரை அடியை நிறுத்துவது மீட்டரின் நுனியில் மயிரிழை. 25 அடி அளவில் அது கால்வாசிக்கும் மேல்.

மூன்றுபட்:

50-இலேயே வைத்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டிருந்தேன். மாற்றிப் பார்க்கிறேன்.

இன்னொரு சந்தேகம். அப்ரோச் ஷாட்டைக் குழிக்குக் கீழே விடச் சொல்கிறீர்கள். கொடி கிரீனின் முன்பக்கத்திலேயே இருந்து, அதற்கு முன்னால் தண்ணீரோ பங்கரோ இருந்தால்? கீழே விட இடமே இல்லையே.

புல்நுனி:

அப்போது பக்கவாட்டில் விடுங்கள். இறக்கத்தில் 12 அடியைவிடக் குறுக்குச் சரிவில் 20 அடி எனக்கு மேல். வளையும், ஆனால் ஓடிப்போகாது. பேர்டி (பாரைவிட ஓர் அடி குறைவு) விழாவிட்டாலும் பார் (அந்தக் குழிக்கு வகுத்த அடிகளின் எண்ணிக்கை) கையில் இருக்கும்.

பங்கருக்கு நேராகக் கொடி, பின்னால் சரிவு, வேறு வழியே இல்லை என்றால் கொடியை மறந்துவிட்டுக் கிரீனின் நடுவுக்கு அடியுங்கள். அடுத்த குழியில் பார்த்துக்கொள்ளலாம். மேல்பிரிவில் பட்டியலின் உச்சியில் இருப்பவர்களின் அட்டையைத் திறந்து பாருங்கள், ஈகிள் (பாரைவிட இரண்டு குறைவு) எத்தனை என்று பார்க்காமல் போகி (பாரைவிட ஒன்று கூடுதல்) எத்தனை என்று பாருங்கள்.

பழையமட்டை:

குழிக்கு மேலே மாட்டிக்கொண்டு வேறு வழியில்லாதபோது நான் குழியைக் குறிவைப்பதே இல்லை. பந்து எந்த இடத்தில் நின்றால் அடுத்தது ஏற்றத்தில் இரண்டடி என்று பார்த்து அங்கே விடுகிறேன். வழியில் குழிக்குள் விழுந்தால் லாபம்.

கடைசிக்குழி:

தாத்தா உருப்படியாக ஒன்று சொல்லிவிட்டார். மூன்றுபட், அடுத்த போட்டி முடிந்ததும் 16-ஆவது கிரீனில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். அதே மைதானம்தான், கொடி மட்டும் பின்பக்க இடது மூலைக்குப் போகிறது என்று அறிவிப்பில் பார்த்தேன்.

நிழற்பந்து:

பின்பக்க இடது மூலையா? என் நோட்டில் இருக்கிறது. அங்கே கடைசி ஐந்து அடி வலப்பக்கம் இழுக்கும், கிரீனின் மற்ற இடமெல்லாம் இடப்பக்கம் காட்டினாலும். புல்நுனி சொன்ன மாதிரியே. மூலையில் வலக்கீழ்ப் பக்கம் விட்டால் நேரான ஏற்றம். இதற்கு மேல் சொல்ல மாட்டேன், நானும் அந்தப் போட்டியில் இருக்கிறேன்.